பென்சிலால் ஒரு பெருக்கல் குறி

1

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக எங்கள் மகள் எங்களுக்கு ஒரு ரயில் பயணம் வாங்கிக் கொடுத்தாள். அவள் இருப்பது டொரொன்டோவில். நாங்கள் இருப்பது ஷார்ஜாவில். ரயில் ஓடுவது ஜார்ஜியாவில். பழைய காலத்து ரயிலில் காலையில் ஏறி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போய், இறங்குகிற இடத்தில் வைன் குடித்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வேண்டும். அவள் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. நான் இருமல் மருந்தோடு சரி. பெற்ற பெண் எங்களை இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள்.

"அம்மா, இட்ஸ் நாட் அபவுட் த வைன். ஜர்னிதான் முக்கியம்," என்றாள் வீடியோவில். திட்டினால் மட்டும் தமிழ் புரிகிற பெண். மற்ற நேரத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி "மீனிங்?" என்று கேட்பாள். இப்போதெல்லாம் நானும் அர்த்தம் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒன்று விளங்காது. ஏன் ஜார்ஜியா? அமீரகத்து ரெசிடென்ஸ் விசா கையில் இருந்தால் அந்த நாட்டுக்குத் தனி விசா வேண்டாம், மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். வேறு ஒரு காரணமும் கிடையாது. அதனால் நோன்புப் பெருநாள் லீவு விட்டால் இங்கிருக்கிற பாதித் தமிழர்கள் அங்கே இருப்பார்கள். டிபிலிசி நகரத்துக் கடைத்தெருவில் நின்று "என்னங்க" என்று கூப்பிட்டால் ஐந்து ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையவர் மட்டும் திரும்பவில்லை, ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாண நாள் தை மாதத்தில் வருவது. ஆனால் வளைகுடாவில் கல்யாண நாள், பிறந்த நாள், கோயில் வேண்டுதல் எல்லாமே பிறை பார்த்துத்தான் வரும். லீவு எப்போதோ அப்போதுதான் விசேஷம். இந்த வருடம் எங்கள் வெள்ளிவிழா இரண்டு மாதம் கழித்து வந்தது.

என் கணவர் ரகுநாதன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமெண்ட் என்று சொல்கிற வேலை. எங்கே போனாலும் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவார். அதில் எங்கள் பாஸ்போர்ட் நகல், வாடகை ஒப்பந்தம், இவருடைய டிகிரி, எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கல்யாணச் சான்றிதழ். சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை என்று பின்பக்கம் முழுக்க சீல் குத்தியது. டிபிலிசி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் பெண்மணி எங்கள் முகத்தைக்கூட முழுதாகப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினாள். "சர்டிபிகேட் கேக்கவே இல்லையே," என்று வெளியே வந்ததும் இவர் சொன்னார். முகத்தில் அவ்வளவு ஏமாற்றம்.

இவர் ஃபைலில் இல்லாத ஒரே ஒரு காகிதம் என் கைப்பையில் இருந்தது.

2

அந்தக் காகிதம் என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் வீட்டிலிருந்து கால்மணி தூரத்தில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கணக்கு நடத்த ஆள் கேட்டிருந்தார்கள். போனேன், பாடம் நடத்திக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். நான் இருப்பது கணவர் விசாவில். அதனால் என் மனைவி வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கணவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். என்.ஓ.சி. இந்த மூன்று எழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு பெண் மூச்சு விடலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. டைப்பிங் சென்டரில் அரபியில் அடித்து வாங்கிவிட்டேன். லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கிடைக்கப்போவதில்லை.

ஆறு வாரமாக அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இவர் பின்னால் நடந்தேன். "பாக்கலாம்." "நோன்பு முடியட்டும்." "இப்ப என்ன அவசரம்?" ஒருநாள் அதன்மேலேயே டீ டம்ளரை வைத்தார். வட்டமாகக் கறை. மறுபடி போய் அடித்து வந்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரே ஒருநாள் உண்மை வெளியே வந்தது. "நீ வேலைக்குப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? ரகுவுக்கு என்னமோ முடை, அதான் பொண்டாட்டிய அனுப்பறான்னு சொல்ல மாட்டானுங்களா?" அந்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவரோடு பேட்மின்டன் ஆடுகிற நாலு தொப்பைகள். அவர்களுடைய அபிப்பிராயத்துக்காக நான் வீட்டில் உட்கார்ந்து பருப்பு பொறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே யாரும் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. கம்பெனியின் அரசாங்க வேலைகளுக்கெல்லாம் அலைவதற்கென்று பி.ஆர்.ஓ. என்று ஒருவர் இருப்பார். கட்டாக அரபிக் காகிதங்களைக் கொண்டுவந்து வைப்பார். கையெழுத்து எங்கே விழ வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. குறி இருக்கிற இடத்தில் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். பிறகு அவர் ரப்பரால் குறியை அழித்துவிடுவார். விசா, வீட்டு வாடகை, கரண்டு இணைப்பு, எல்லாம் இப்படித்தான். கொரோனா சமயத்தில் இவருடைய சம்பளத்தைக் குறைத்தார்களே, அதற்குச் சம்மதக் கடிதமும் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார். மாதக் கடைசியில் பாங்க் மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது. "க்ராஸ் போட்டிருந்துச்சு, போட்டேன்," என்றார்.

இந்த வித்தையை இவர் ஊருக்கும் கொண்டுவந்தார். திருச்சியில் ஓர் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். நிரந்தர வேலை. மகளுக்கு ஒரு வயது. எனக்கு விசா வந்துவிட்டது என்று இவர் லீவில் வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு கட்டுக் காகிதத்தைப் பரப்பினார். எல்லாவற்றிலும் பென்சில் குறி. வாசலில் கார் நிற்கிறது, இடுப்பில் குழந்தை அழுகிறது. "ஸ்கூலுக்கு?" என்று கேட்டேன். "சம்பளமில்லாத லீவுக்கு எழுதியிருக்கேன், கடைசில இருக்கு பாரு," என்றார். நான் பார்க்கவில்லை. போட்டேன்.

நாலு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, லீவு முடிந்து திரும்பச் சேரலாமா என்று கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ராஜினாமாக் கடிதம். நல்ல தெளிவான ஆங்கிலத்தில். கீழே என் கையெழுத்து, பக்கத்தில் சரியாக அழிக்காத பென்சில் தடம். வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ படிச்சுப் பாத்துத்தானே போட்டே?"

பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.

3

பழைய காலத்து ரயில் என்றால் என்ன? சோவியத் காலத்துப் பெட்டிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்குச் சரிகை வைத்த திரை மாட்டியிருக்கிறார்கள். ஸீட்டில் சிவப்பு வெல்வெட், கை வைக்கிற இடத்தில் மட்டும் புது ரெக்ஸின். இந்த மாதிரிப் பெட்டியில் நான் திருச்சியிலிருந்து விழுப்புரத்துக்கு நின்றுகொண்டே போயிருக்கிறேன். அதற்கு யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

எதிர் ஸீட்டில் ஒரு தம்பதி. துபாயில் சத்வாவிலிருந்து. ஆள் பெயர் பிரபாகர், ஏ.சி. பிஸினஸ். உட்காருவதற்கு முன்பே விசாரணை ஆரம்பித்துவிட்டது. "ஷார்ஜாவா பாஸ்? ட்ராஃபிக்குல செத்தீங்க. எந்த ஏரியா? ரூம் எத்தனை? கம்பெனி விசாவா?" இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரியாமல் வளைகுடாத் தமிழன் இன்னொரு வளைகுடாத் தமிழனோடு வாயைத் திறக்க மாட்டான். அவர் மனைவி பைக்குள் கையை விட்டுத் தக்காளி சாதப் பொட்டலம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலை ஒன்பது மணி.

வழிகாட்டிப் பெண்ணின் பெயர் நீனோ. இருபத்தைந்து வயதிருக்கும். வந்தாள், ஜோடிக்கு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாள். கீழே விழுந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒன்று, சாப்பாட்டில் எது ஒத்துக்கொள்ளாது என்று ஒன்று, ஃபோட்டோவைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்று. எல்லாம் ஜார்ஜிய எழுத்தில், ஜாங்கிரி பிழிந்த மாதிரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவளே பென்சிலால் குறி போட்டுவைத்திருந்தாள்.

பெருக்கல் குறி. அதே சின்னப் பெருக்கல் குறி.

நான் இதைத் திட்டம் போட்டு வரவில்லை. நல்ல நாள், நல்ல இடம், மனசு இளகியிருக்கும்போது கேட்டால் போட்டுவிடுவார் என்று நம்பித்தான் காகிதத்தைப் பையில் வைத்திருந்தேன். ஆனால் குறியைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது. "நீனோ, பென்சில் கொஞ்சம்," என்றேன். கொடுத்துவிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போனாள். பையிலிருந்து என் காகிதத்தை எடுத்தேன். டைப்பிங் சென்டர்க்காரர் விரல் வைத்துக் காட்டியிருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஏழாம் வாய்ப்பாடு எழுதுகிற பிள்ளையைப் போல நிதானமாகத்தான் போட்டேன். கட்டில் மூன்றாவதாகச் செருகினேன்.

"என்னங்க, இதுல கையெழுத்துப் போடணுமாம்."

பிரபாகரோடு பேசிக்கொண்டே இவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்போது ஷார்ஜாவில் பார்க்கிங் எப்படி எல்லாத் தெருவிலும் காசாகிவிட்டது என்பது பேச்சு. முதல் காகிதம். இரண்டாவது. மூன்றாவது. முதல் இரண்டும் ஜார்ஜிய மொழி, மூன்றாவது அரபி. கால் நூற்றாண்டுக்கு மேல் அரபு நாட்டில் சோறு தின்ற மனுஷர். ஜார்ஜியாவில் ஒரு ரயிலில் அரபிக் காகிதம் எதற்கு வருகிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து என்பதாவது கண்ணில் பட்டிருக்கலாம். குறியைத்தான் பார்த்தார். போட்டார். நாலாவதையும் போட்டுவிட்டு மூடியைத் திருகினார்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது இவர் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை. முழுத் தெளிவோடு போட்ட கையெழுத்து அது.

காகிதத்தை உருவிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவ்வளவு சுலபமா என்றுதான் தோன்றியது. இவர்மேல் எனக்கிருந்த இளக்காரம் ஒரு படி ஏறியது, அவ்வளவுதான்.

4

திராட்சை தேசம் என்று மகள் அனுப்பிய படத்தில் பச்சைப் பசேலென்று கொடியும் கொத்துக் கொத்தாகப் பழமும் இருந்தது. நாங்கள் போனது இலையுதிர்ந்து இன்னும் துளிர்க்காத சமயம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை குச்சி. கம்பி கட்டி வரிசையாக நட்ட குச்சி. மூன்று மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து குச்சி பார்த்தோம். வடக்கே மலையில் பனி இருந்தது, அது நன்றாகத்தான் இருந்தது. அதையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

"வைன்யார்ட் பாரும்மா," என்று இவர் குச்சிகளை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். டொரொன்டோவில் அவள் தூங்குகிற நேரம். மத்தியானம்தான் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். இவர் அதை எனக்கும் காட்டினார்.

இறங்கிய ஊரில் ஒரு பெரிய பழைய வீடு. நிலவறையில் மண் தாழிகளைக் கழுத்துவரை புதைத்து அதில் வைனை ஊறவைக்கிறார்கள். எட்டாயிரம் வருடப் பழக்கமாம். நீனோ பெருமையாகச் சொன்னாள். பிரபாகர் தாழிக்குள் எட்டிப் பார்த்து, "ஏ.சி. இல்லாமயே கூலிங்கு," என்றார். அவருக்கு எட்டாயிரம் வருடமும் அவ்வளவுதான்.

பிறகு நீளமான மேஜையில் உட்கார வைத்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டி, வால்நட் அரைத்த கத்திரிக்காய், மண் கிண்ணத்தில் வைன். சத்வா அம்மாள் தக்காளி சாதத்தை அவிழ்த்துவிட்டார். வீடு முழுக்க நம்ம ஊர்ப் பெருங்காயம்.

"நான் தொட மாட்டேங்க," என்றார் இவர், கிண்ணத்தைத் தள்ளிவைத்து.

"டிக்கெட்ல சேந்ததுதானே பாஸ்? வேணாம்னாலும் திருப்பித் தர மாட்டான்," என்றார் பிரபாகர்.

இதுதான் திறவுகோல். ஐம்பத்துநாலு வருட விரதம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. கொள்கை, குலம், கோயில் எதுவும் நிற்கவில்லை. ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது, விட்டால் நஷ்டம். முதல் கிண்ணத்தைக் கஷாயம் குடிப்பது போலக் கண்ணை மூடிக் குடித்தார். இரண்டாவதுக்குக் கண் திறந்திருந்தது. நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், பழைய புளித்தண்ணி. ஆனால் கீழே வைக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மேஜையில் சும்மா குடிக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஒருவர் எழுந்து யாருக்காவது வாழ்த்துச் சொல்ல வேண்டும். நீனோ எங்களையும் எழுப்பினாள். இருபத்தைந்து வருடமாமே, மனைவியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். இவர் எழுந்து வேட்டி கட்டாத குறையாக நின்றார். "மை வைஃப்... கோமதி. ஹவுஸ்வைஃப். வெரி குட் ஹவுஸ்வைஃப்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு நல்ல மிக்ஸியைப் பற்றிச் சொன்னது போல இருந்தது.

நீனோ என் பக்கம் திரும்பினாள். "அதற்கு முன்னால்?"

"முன்னால்?"

"கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் என்ன?"

இருபத்துமூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஷார்ஜாவில் எந்த அரங்கேற்றத்திலும், எந்தப் பொங்கல் விழாவிலும். "மேத்ஸ் டீச்சர்," என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நேராக நின்றாள். தன்னுடைய கணக்கு டீச்சரைப் பற்றிச் சொன்னாள். வெடவெடவென்று பயமாக இருக்குமாம். அந்த அம்மாள் இல்லையென்றால் இன்றைக்குத் தான் இந்த வேலையில்கூட இருக்க முடியாதாம். "டு த டீச்சர்," என்று கிண்ணத்தைத் தூக்கினாள். மேஜை முழுக்க, பிரபாகர் உட்பட, எனக்காகத் தூக்கியது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் புளித்தண்ணியை முழுசும் குடித்துவிட்டேன். இவர் மட்டும் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

திரும்பி வரும்போது அதே குச்சிகள், சாயங்கால வெயிலில். சத்வாத் தம்பதி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். இவருக்கு மூக்கு சிவந்திருந்தது. நீல ஃபைலைத் திறந்து கல்யாணச் சான்றிதழை வெளியே எடுத்து, பின்பக்கம் திருப்பி, முத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"எத்தனை சீல் பாரு."

"ம்."

"கோமதி, அந்த ஸ்கூல் பேப்பர் வச்சிருக்கியா?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. "எதுக்கு?"

"நாளைக்கு வீட்டுக்குப் போனதும் குடு. நான் படிச்சுப் பாத்துப் போட்டுத் தர்றேன்." சான்றிதழை ஃபைலுக்குள் திரும்ப வைத்தார். "அன்னைக்குத் திருச்சில நான் செஞ்சது தப்பு. கேட்டா நீ வர மாட்டேன்னு பயம். பாப்பாவ வச்சுக்கிட்டு அங்கயே இருந்துருவேன்னு. அதான் அப்படி எழுதி வச்சேன்."

வைன் பேசுகிறது என்று நினைத்தேன். நாளைக்குக் காலையில் தலைவலியோடு இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைத்தும் எனக்கு அழுகை வந்தது. பத்தொன்பது வருடமாக நான் எதிர்பார்த்த வார்த்தை, நாலு கிண்ணப் புளித்தண்ணியில் வருகிறது. அழுகை வந்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல்.

அப்போதே பையைத் திறந்து சொல்லியிருக்கலாம். காலையிலேயே போட்டுவிட்டீர்கள், இதோ பாருங்கள் என்று. நீங்க படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க என்று, சேர்த்துவைத்த வாக்கியத்தையும் கொடுத்திருக்கலாம். வாய்வரை வந்தது. "அப்ப நீயும் அதையேதான செஞ்சே?" என்று இவர் கேட்பார். சரியாகத்தான் கேட்பார். இந்த ஆளிடமிருந்து ஒரு நியாயமான கேள்வியை வாங்கிக்கொள்வதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"சரி," என்றேன். பையை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவில் இறங்கியதும் டைப்பிங் சென்டருக்கு ஓடினேன். கையெழுத்து விழுந்த காகிதத்தைக் காட்டி மறுபடி கையெழுத்துக் கேட்க முடியாதே. அங்கிருக்கிற பாகிஸ்தானிப் பெரியவர் என்னைப் பார்த்ததும், "ஃபிர் சாய் கிரா தியா க்யா, மேடம்?" என்றார். மறுபடியும் டீயைக் கொட்டிவிட்டாரா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டி மூன்றாவது தடவை அடித்து வாங்கி வந்தேன்.

தலைவலியெல்லாம் தாண்டி இவர் பேச்சு மாறாமல் இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, காகிதத்தை விரித்தார். படிக்கிறாராம். இவருக்கும் அரபி தெரியாது, எனக்கும் தெரியாது. இருபத்துமூன்று வருடத்தில் நாங்கள் கற்றது யல்லா, கலாஸ், மாஃபி. போ, முடிந்தது, இல்லை. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்தார், திருப்பிப் பார்த்தார். தெரிந்தது எண்கள் மட்டும்தான். என் எமிரேட்ஸ் ஐ.டி.யை வாங்கி ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்தார். பத்து நிமிஷம். சிரிப்பாக இருந்தது, என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

"எங்க போடணும்? க்ராஸ் போடலையே."

"போடல. பாத்து நீங்களே போடுங்க."

இனி என் கையால் பெருக்கல் குறி போடுவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் பேனாவை எடுத்தார், யோசித்தார், போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் ஒரு மலையாளி. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"டீச்சரே, இது ஸ்கூல் சீல் வைக்கிற இடமாக்கும். சார் இவிடெ ஒப்பு போட்டிருக்கு. இது எடுக்காது."

சீல் வைக்கிற கட்டத்துக்குள், பெரிசாக, கோணல் இல்லாமல், ஆற அமர யோசித்துப் போட்ட கையெழுத்து. பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை அனுப்பிவிடுவோம் என்றார். இவர் சைட்டில் இருப்பார், அபுதாபி எல்லையில். போய் வருவதற்குள் வேலை போய்விடும்.

பையைத் திறந்தேன். உள் ஜிப்பிலிருந்து ரயில் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கிளார்க் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கரெக்டு," என்றார். மேஜை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து, என் பெருக்கல் குறியை நிதானமாக அழித்து, தூளை ஊதிவிட்டு, பக்கத்தில் சீல் குத்தினார். "நாளை எட்டு மணிக்கு வந்துருங்க, டீச்சர்."

இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது. ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள், எல்லோரும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் சந்தேகம் கேட்கிறார்கள். இவர் ஒழுங்காகப் பார்த்துப் போட்ட அந்தக் கையெழுத்து என் அலமாரியில் புடவைக்கு அடியில் இருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை, காட்டவும் முடியாது.

போன வெள்ளிக்கிழமை பேட்மின்டன் முடிந்து அந்த நாலு பேரும் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார்கள். ஒருவர் கேட்டார், "என்ன ரகு, வீட்டுல வேலைக்குப் போறாங்களாமே?" இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா. நாந்தான் என்.ஓ.சி. குடுத்தேன். சும்மா கண்ண மூடிக்கிட்டு இல்ல, நானே படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

பத்தொன்பது வருடமாக நான் சேர்த்துவைத்த வாக்கியம். அதை இவரே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், சரிதானே என்பது போல. நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே தலையாட்டினேன்.